பெயர்ப் பலகை மாறிவிட்டது, அறை எப்போது மாறும்?

எட்டயபுரத்தில் டிசம்பர் 11 வந்தால் பாரதி சிலைக்கு மாலைகள் குவியும். பெண்கல்வியைப் பேசாமல் எந்த மேடையும் கலையாது. அவர் பெயரில் இங்கே அரசு மகளிர் பாலிடெக்னிக்கும் இருக்கிறது. ஆனால், சுற்றியுள்ள கரிசல் கிராமத்துச் சேரிப்பிள்ளை என்ன படிக்கலாம் என்பதை மதிப்பெண்ணுக்கு முன்பே கடைசி பஸ் முடிவுசெய்துவிடுகிறது. அபிசேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமென்றால், தங்க இடம் வேண்டும்.

விடுதியை நாம் சலுகையாகப் பார்ப்பதில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியோடு மாணவர் தங்குமிடத்தையும் சேர்த்தே நடத்தினார். தலைக்கு மேல் கூரையில்லாமல் படிப்பு நிற்காது என்று அவருக்குத் தெரியும். ஐதராபாத் பல்கலைக்கழகம் ரோகித் வெமுலாவையும் நான்கு தோழர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றியது. வளாகத்துத் திறந்தவெளியில் படுத்தார்கள். 2016 ஜனவரி 17இல் ரோகித்தை இழந்தோம். அறையைப் பறிப்பதும் கல்வியைப் பறிப்பதும் ஒன்றுதான்.

2025 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு நலத்துறை விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் வைத்தது. வரவேற்கிறோம். கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். முப்பதால் வகுத்துப் பாருங்கள், மூன்று வேளைக்கும் சேர்த்து 50 ரூபாய்!

"குறைந்த செலவில் இவ்வளவுதான் முடியும்" என்கிறார்கள். கரிசல் மண்ணைக் கேளுங்கள். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரத்தில் மிச்சம்பிடித்துக் கட்டினால் சுவர் பிளக்கும், வருசாவருசம் ஒட்டுப்போட வேண்டும். முதலில் ஒழுங்காகக் கட்டுவதுதான் சிக்கனம். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா விடுதிக்குப் பத்து மாடியில் புதுக் கட்டடம் எழுந்திருக்கிறது. தலைநகரில் முடிந்தது தாலுகாவில் ஏன் முடியாது?

நாம் கேட்பது ஆடம்பரமில்லை. ஆளுக்கொரு கட்டில், மேசை, விளக்கு. காற்று வரும் சன்னல். தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை. மாணவிகளுக்கு நாப்கின் எரிக்கும் வசதி. ஊருக்கு வெளியே ஒதுக்காமல், வளாகத்துக்குள்ளேயே, எல்லாச் சாதி மாணவரும் கலந்து தங்கும் கட்டடம். வரைபடம் போடும் முன் அங்கே தங்கப்போகிற மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் விடுதியில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று இன்றே எண்ணுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பராமரிப்புச் செலவைக் கேளுங்கள். கணக்கு கையில் இருந்தால்தான் கோரிக்கைக்குப் பலம்.