மனநோய்க்குப் பொறுப்பான மந்திரி யார்?

மாட்டுக்குக் கோமாரி கண்டால் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். நெல்லில் குலைநோய் தெரிந்தால் விவசாய ஆபீசரைத் தேடுகிறோம். பயிர்க்கடன் கிடைக்காவிட்டால் கூட்டுறவு மந்திரிக்கு மனுப் போடுகிறோம். ஆனால் வீட்டுப் பெரியவருக்கு வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, வயல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றால் யாரைக் கேட்பது? அதற்கும் ஒரு மந்திரி இருக்கிறாரா?

ஆரணி வட்டாரத்தில் நிலத்தையும் தறியையும் சேர்த்து நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. தகப்பனார் ஓர் ஏக்கரில் நெல்லும் மணிலாவும் போடுவார்; மகன் பட்டுச்சேலை நெய்வான். மண்டியில் நெல் விலை இறங்கினாலும் அந்த வீட்டுக்கு அடி. பட்டு நூல் விலை ஏறித் தறி நின்றாலும் அடி. இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தால் மனசு ஒடிந்து போகிறது.

ஆனால் கடன் ஒன்றுதான் காரணம் என்று நினைப்பது தவறு. கடன் இல்லாதவருக்கும் இது வருகிறது. மனச்சோர்வு என்பது சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு போல ஒரு நோய். மாத்திரையும் ஆலோசனையும் விடாமல் கிடைத்தால் பெரும்பாலோர் தேறி மறுபடி வேலைக்குப் போகிறார்கள். விட்டு விட்டுக் கிடைத்தால் நோய் திரும்புகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மந்திரி விஷயத்துக்கு வருவோம்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் மனநலம் மக்கள் நல்வாழ்வுத் துறை மந்திரியின் பொறுப்பில் வருகிறது. அரசியல் சட்டப்படி ஆஸ்பத்திரிகள் மாநிலத்தைச் சேர்ந்தவை. மனநோய் பற்றிய சட்டமோ பொதுப் பட்டியலில், 16-வது இனமாக இருக்கிறது. அதாவது டெல்லிக்கும் பொறுப்பு, சென்னைக்கும் பொறுப்பு. பொதுக் கால்வாயை யார் தூர் வாருவது என்ற கதைதான்!

2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. அதன் 18-வது பிரிவு நமக்கு முக்கியமானது. சமுதாய சுகாதார நிலையம் முதல் அதற்கு மேற்பட்ட எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் எல்லாச் சமயத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 'எல்லாச் சமயத்திலும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஆரணி அரசு ஆஸ்பத்திரியும் இதில் அடக்கம். மாத்திரை 'அடுத்த மாதம் வரும்' என்று எந்த ஆஸ்பத்திரி சொன்னாலும் அது சட்டப்படி சரியல்ல.

ஊருக்குப் பக்கத்தில் வைத்தியம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள்.

வெளிநாடுகளில் இதற்கென்றே மந்திரிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2018-இல் தற்கொலைத் தடுப்புக்கு ஒரு மந்திரி. ஜப்பானில் 2021-இல் தனிமைத் துயருக்கு ஒரு மந்திரி. கனடாவில் 2021-இல் மனநலத்துக்கென வந்த தனி மந்திரி பதவி 2025-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே தனிப் பட்டம் பெரிதல்ல; பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதுதான் பெரிது.

இரண்டு மந்திரிகள் உட்கார வேண்டும்

மாத்திரை கொடுப்பதோடு இந்த மந்திரியின் வேலை முடிவதில்லை. நெல் விலை ஒரு மந்திரியிடம், தறிக்கூலி ஒரு மந்திரியிடம், பூச்சிமருந்து ஒரு மந்திரியிடம் இருக்கிறது. அவர்களை ஒரே மேஜைக்குக் கூப்பிட வேண்டியவர் இவர்தான்.

இதற்கு நல்ல உதாரணம் இலங்கை. மிகக் கொடிய ரகப் பூச்சிமருந்துகளை அந்நாடு 1995-இலும், மேலும் சிலவற்றை 2008 முதல் 2011 வரையிலும் விலக்கியது. தற்கொலை விகிதம் காலப்போக்கில் எழுபது சதவீதம் அளவுக்குக் குறைந்தது. இந்தத் தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி விளைச்சல் சரிந்தது வேறு கதை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆபத்தான மருந்தை மட்டும் எடுத்து, அதற்கு மாற்று மருந்தைக் காட்டியதே முன்னதன் வெற்றி.

தமிழக அரசும் 2022-23-இல் ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. 1968-ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்த அதிகாரம் 60 நாளும், மேற்கொண்டு 30 நாளும்தான். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். அங்கே போய் வாதாட நல்வாழ்வு மந்திரியும் விவசாய மந்திரியும் சேர்ந்து போக வேண்டும். 'விவசாயி எதிர்ப்பார்' என்று அவர்கள் தயங்க வேண்டாம். அந்த மருந்து நம் வீட்டிலேதான் இருக்கிறது. இழப்பும் நம் வீட்டில்தான்.

நாம் கேட்க வேண்டியது

மந்திரி தானாகக் கேட்பார் என்று காத்திருப்பதில் பயனில்லை. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் உரத்தையும் தண்ணீரையும் பற்றி மட்டும் பேசாமல், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நம் தாலுகா ஆஸ்பத்திரியில் மனநோய் மாத்திரை எத்தனை நாளைக்குக் கையிருப்பு இருக்கிறது? மனநல டாக்டர் வரும் கிழமை எது? அது போர்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? பதில் இல்லாவிட்டால் உங்கள் எம்.எல்.ஏ.விடம் எழுதிக் கொடுங்கள். மானியக் கோரிக்கை விவாதத்தில் மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அதுவரை நம் கையில் இருப்பதையும் செய்வோம். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் தனியே பூட்டி, சாவியை நிதானமானவரிடம் கொடுங்கள். மிச்சம் விழும்படி வாங்காதீர்கள். மனசு சரியில்லாதவரைத் தனியே விடாதீர்கள்; என்ன கஷ்டம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 14416 என்ற நம்பருக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

விளைச்சல் போனால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். ஆள் போனால் எந்தப் போகத்திலும் எடுக்க முடியாது.