திறமைக்குத் துணை எங்கே?

ஒரு சமுதாயம் தன் வீரரைப் போற்றுதல் இயல்பு, வேண்டுவதுங்கூட. ஆயினும், அவ்வீரர் எவ்வழி ஏறி வந்தார் என்பதை ஆராயாது விடுவோமாயின், அப்போற்றுதலாற் பின்வரும் சிறுவர்க்கு யாதொரு பயனும் விளையாது. மலையகத் தமிழரிடையே விளையாட்டைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் முத்தையா முரளிதரன் பெயர் எழுகின்றது. “திறமை இருந்தால் எவரும் மேலே வரலாம், முரளியைப் பாருங்கள்” என்று மேடையிற் கூறிக் கைதட்டலும் பெற்று அமர்ந்துவிடுகின்றோம். இக்கூற்றுப் பாதி உண்மையே என்பதும், மறுபாதியை நிறைவு செய்யும் கடன் நம் பழைய மாணவர்க்கு உண்டென்பதும் எமது துணிபு.

முரளிதரனுடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தமிழ்நாட்டினின்றும் இந்நாடு வந்தவர். ஆனால் முரளிதரனோ லயத்திலே வளர்ந்தவரல்லர். 1972ஆம் ஆண்டு கண்டியிலே பிறந்த அவருக்கு, பிஸ்கட் தொழில் நடத்திய தந்தையார் இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. அதற்கொரு மைதானம் இருந்தது. வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைப் பதினான்கு வயதளவிற் சுழற்பந்துக்குத் திருப்பிவிட்ட சுனில் பெர்னாண்டோ என்னும் பயிற்றுநர் இருந்தார். பின்னர்க் கொழும்பிலே தமிழ் யூனியன் கழகம் இருந்தது. இப்படிகளின் வழியாகவே அவர் 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். 2010 ஜூலையிற் காலியிலே, டெஸ்டில் தாம் வீசிய இறுதிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார். டெஸ்ட் ஆட்டங்கள் 133; ஒருநாட் போட்டி விக்கெட்டுகள் 534. அவ்வெண்களை அறியாத சிறுவன் நம் வகுப்புகளில் இல்லை. அவற்றின் கீழே கிடந்த படிகளை அறிந்தவரோ சிலரே.

படிகள் மட்டும் போதுமா? 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி, மெல்பேர்ண் மைதானத்திலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையில், நடுவர் டரல் ஹெயார் முரளிதரனின் பந்துவீச்சை எறிதல் என்று ஏழு முறை முறையற்றதாக அறிவித்தார். அன்று அவருக்கு வயது இருபத்து மூன்று. பிறவியிலேயே முழுதும் நீட்ட இயலாத முழங்கையை உடையவர் அவர் என்பது, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த சோதனைகளின் பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. 1999 ஜனவரியில் அடிலெயிட்டிலே மீண்டும் அப்பழி எழுந்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தி வைத்தார். தலைவரும் சபையும் மருத்துவரும் ஆய்வாளரும் பின்னின்றமையால் அவ்வீரர் நிலைத்தார். பின்னிற்க எவருமில்லாத ஓர் இளைஞன் அவ்விடத்து நின்றிருப்பின், அவனுடைய ஆட்டம் அந்த டிசம்பரோடு முடிந்திருக்கும். அவன் பெயரும் நமக்குத் தெரிந்திராது.

அதே மெல்பேர்ண் மைதானம் அந்நாட்டவர்க்கே உரிய அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்துக்கும் தலைக்களமாகும். அணிக்குப் பதினெண்மர் நீள்வட்டக் களத்தில் ஆடும் இவ்வாட்டத்திற்கு 1859ஆம் ஆண்டிலேயே விதிகள் எழுதப்பட்டன. அங்கே தொழில்முறை வீரராகும் சிறுவன் திடீரென்று வானினின்று இறங்குவதில்லை. ஊர்க் கழகத்திற் சிறுபிராயத்திலே சேர்கின்றான். வயதுக்கேற்ற அணிகளில் ஏறுகின்றான். பதினெட்டு வயதளவிலே, 1986 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் தெரிவிற் பெருங் கழகமொன்று அவனை எடுத்துக்கொள்கின்றது. அத்தெரிவிலே முந்திய ஆண்டிற் கடைசியாக வந்த கழகத்துக்கே முதல் உரிமை. மெலிந்தோனுக்கு முதலிடம் என்னும் அவ்வறத்தை நாமும் கற்கலாம். அங்கும் பலருடைய ஆட்டவாழ்வு சில ஆண்டுகளிலே முடிந்துவிடுகின்றது. முப்பதைக் கடந்தும் ஆடுவோர் சிலரே. ஆதலின் ஆடும் காலத்திலேயே கல்விக்கும் பிற தொழிலுக்கும் வழிகாட்ட வீரர் சங்கம் முற்படுகின்றது.

ஊழ் என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமை எனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டோடு நில்லாது, பெரியாரைத் துணைக்கோடல் எனவும் ஒன்று வகுத்தார். அரசனுக்கே துணை வேண்டுமென்று கண்டவர் அவர். பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் பள்ளிக்கு வரும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது வேண்டாவோ?

நம் ஊவாவின் நிலையை நோக்குவோம். தோட்டங்களிலே சமநிலம் அரிது. அரிதாய்க் கிடைத்த சமநிலத்தைத் தொழிற்சாலையும் துரை பங்களாவும் கொண்டன. பிள்ளைகள் பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் ஆடினர். பந்து சரிவிற் போனால் ஆட்டமும் அதனோடு போயிற்று. பள்ளிகளோ பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகளாய், ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையே இழந்த மக்களுக்கு, நாட்டின் பெயரால் ஆடுங் கனவு எங்ஙனம் முளைக்கும்? எஞ்சி நின்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. ஓட்டத்தில் நாம் பிந்தியது கால் மெலிந்தமையாலன்று. தொடக்கக் கோடே பின்னால் இடப்பட்டமையால் என்க.

“விளையாட்டுச் சோறு போடுமா? பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்க்கட்டும்” என்பாரும் உளர். தமிழாசிரியராகிய நாம் இவ்வினாவை எள்ளி நகையாடோம். ஆயிரம் பேரில் ஒருவர்கூட ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளுதல் அரிது. கொண்டவர்க்கும் அது நெடுநாள் நில்லாது. எனவே ஏட்டைக் கீழே வைத்துப் பந்தை எடு என்று எம் மாணவர் எவருக்கும் கூறோம். ஆனால் ஒழுங்கான பயிற்சியும், தோல்வியைத் தாங்கும் நெஞ்சும், அணியோடு இயைந்து நடக்கும் பண்பும் பெற்ற மாணவன் வகுப்பிலும் தாழ்வதில்லை என்பது எம் ஆசிரியப் பணி காட்டிய உண்மை. பாடசாலைக்கு வரவே சலித்த பிள்ளைகள் சிலரை, நூலன்று, மாலை ஆட்டமே வகுப்பில் இருத்தி வைத்தது.

விழா ஆண்டிலே பழைய மாணவர் நிதி திரட்டுகின்றனர். நுழைவாயிலில் அலங்கார வளைவு எழுப்பலாம் என்று சிலர் கருதுகின்றனர். வளைவு அழகியதே, அதன் கீழ் நடந்து வரும் பிள்ளைக்கு உள்ளே என்ன வைத்திருக்கின்றோம் என்பதே எமது கேள்வி. அந்நிதியில் முதற்பகுதி மைதானத்தைச் சமன்செய்து, மழைநீர் வடியக் கான் வெட்டுதற்கு ஆகுக. இரண்டாம் பகுதி, வாரம் இரு நாளேனும் வந்து பழக்கும் தகுதியுள்ள பயிற்றுநருக்கு ஆகுக. மூன்றாம் பகுதி, ஆட்டம் முடியுமுன்னே தோட்டத்துப் பேருந்து போய்விடுமே என்று அஞ்சி ஓடும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவும் வண்டிச் செலவும் ஆகுக. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்று. பெண் பிள்ளைகளுக்கும் இவை சமமாய் உரியன.

பணத்தினும் பெரிது ஒன்றுண்டு. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலோ கொழும்பிலோ தெரிவு நடைபெறும்போது, படிவத்தை நிரப்பவும், உடன் சென்று நிற்கவும், அநீதி நேரின் பிள்ளைக்காக வாய் திறந்து பேசவும் ஒருவர் வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய் அன்றைய கூலியை விட்டு அங்கே வரல் எளிதன்று. கடை நடத்துவோரும் அலுவலகம் புகுந்தோரும் நகரங்களிற் குடியேறியோருமாகிய நம் பழைய மாணவர், ஒருவர்க்கு ஒரு பிள்ளை என ஏற்றுக்கொள்வாராயின், அத்துணை இன்றே கைகூடும்.

முரளிதரன் போல் மற்றொருவர் நம் கல்லூரியிலே தோன்றுவாரோ என்பது எவரும் சொல்லற்கரியது. தோன்றக்கூடிய ஒருவர் மைதானமின்றியும் துணையின்றியும் மலைச்சரிவிலே மறைந்து போகாமற் காத்தல் நம் கையில் உள்ளது. விழா மலரை மூடி வைக்குமுன், எந்தப் பிள்ளைக்கு நாம் துணையாவோம் என்பதைப் பழைய மாணவர் ஒவ்வொருவரும் துணிவாராக.