முதலில் பராமரிப்பு, பிறகு அலங்காரம்

மோட்டார் சைக்கிளில் மலைப்பாதைகளுக்கும் காட்டோரக் கிறவல் வீதிகளுக்கும் நீண்ட பயணம் போவது அண்மைக் காலமாக நமது இளைஞர்கள் மத்தியில் ஒரு பெரும் ஆசையாக வளர்ந்து வருகிறது. வார இறுதி வந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து மீமுரேக்கும் ரிவர்ஸ்டனுக்கும், பொத்துவிலைத் தாண்டிப் பாணமைக்கும் உகந்தைக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். இது குறை சொல்ல வேண்டிய ஒன்றல்ல. கைத்தொலைபேசிக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டிருக்கும் பிள்ளை நாட்டைப் பார்க்கப் போகிறான் என்றால் அது நல்ல விடயமே. ஆனால் அவன் எந்த நிலையிலுள்ள பைக்கில் போகிறான், அதற்காகச் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்பதை உதிரிப்பாகம் விற்கும் வியாபாரி என்ற முறையில் பேச வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இத்தகைய பயணங்களுக்கு நம் நாட்டில் அதிகம் தேடப்படுவது ‘ட்ரெயில் பைக்’ என்று நாம் சொல்லும் வகையாகும். தார் வீதியிலும் ஓடும், கல்லிலும் சேற்றிலும் ஓடும். சுசுகி ஜெபல், ஹொண்டா பாஜா, யமஹா செரோ போன்ற பெயர்கள் நமது வாசகர்களுக்குப் பழக்கமானவை. இவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய பின் ரீகண்டிஷனாக இங்கு வந்தவை. இன்று நமது வீதிகளில் காணப்படுபவற்றில் பல, அவற்றை ஓட்டும் பையன்களை விட வயது கூடியவை. இந்த ஒரு உண்மையை மறந்து விடுவதுதான் எல்லாச் சிக்கல்களுக்கும் ஆரம்பம்.

2023ஆம் ஆண்டு ஒரு நாள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அப்படியொரு பைக்கோடு கடைக்கு வந்தான். முன்னால் இரண்டு பெரிய லைட், கைப்பிடிக் காவல், பின்னால் இரும்புக் கெரியர், அதன் மேல் ஒரு பெட்டி, சத்தம் கூடிய சைலன்சர் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தான். “மாமா, எல்லாத்தையும் இண்டைக்கே போட்டுத் தாங்க, வெள்ளிக்கிழமை பயணம்” என்றான். கெரியருக்கு அளவெடுக்கும் போது பின் சில்லைப் பிடித்தேன். சில்லு பக்கவாட்டில் ஆடியது. பெயாரிங் தேய்ந்து விட்டது என்பது பிடித்த கைக்கே தெரிந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. சொன்னால் அவனது பணம் பெயாரிங்குக்கும் கராஜ் கூலிக்கும் போய்விடும், பட்டியலில் பாதி குறையும் என்று மனம் கணக்குப் போட்டது. நல்ல வியாபாரம் நடந்த நாள் அது.

ஹப்புத்தளையிலிருந்து பெலிஹுல்ஓயா பக்கம் இறங்கும் வளைவொன்றில் அந்தப் பெயாரிங் உடைந்து, சில்லு சாய்ந்து, பையன் விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. பின்னால் பெரிய வாகனம் எதுவும் வராததால் உயிர் தப்பினான். இரண்டு கிழமை கழித்து அவனுடைய வாப்பா கடைக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. “நானா, சாமான் வித்த நேரம் சில்லு ஆடுறது உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். “தெரியும்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்றிலிருந்து எனது கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பயணத்துக்குச் சாமான் கேட்டு வரும் பைக்கை முதலில் பார்ப்போம், பிறகுதான் விற்போம்.

பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. இந்த வகைப் பைக்குகளில் பெரும்பாலும் நடு ஸ்டாண்ட் இருக்காது. ஒரு பலமான மரப்பெட்டியை என்ஜினுக்குக் கீழே வைத்துச் சில்லைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். சில்லின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கை மாற்ற வேண்டும். பெயாரிங்கின் விளிம்பில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 6202 என்றால் உள் விட்டம் 15 மில்லிமீற்றர், வெளி விட்டம் 35 மில்லிமீற்றர், அகலம் 11 மில்லிமீற்றர். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இந்த அளவு மாறாது. ஆகவே பைக்கின் பெயரைச் சொல்லி அலையாமல் இலக்கத்தைச் சொல்லி எந்தப் பெயாரிங் கடையிலும் வாங்கலாம். இரண்டு பக்கமும் றப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் போகும் வண்டிக்கு அதுவே பொருத்தம். ஆனால் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மிக மலிவாகக் கிடைக்கும் போலிப் பெயாரிங் வேண்டாம்.

அடுத்தது ஸ்போக் கம்பிகள். ஒரு சிறிய ஸ்பெனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேளுங்கள். இறுக்கமான கம்பி மணி போல ஒலிக்கும், தளர்ந்தது மந்தமான சத்தம் தரும். தளர்ந்ததை ஒரே தடவையில் முறுக்கக் கூடாது. கால் சுற்று முறுக்கி, சில்லைச் சுழற்றி, வளைவு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பலர் திறந்தே பார்க்காத எயார் ஃபில்டர். ட்ரெயில் பைக்குகளில் பெரும்பாலும் இது பஞ்சு போன்ற ஸ்பொஞ்சினால் ஆனது. எண்ணெய் தடவினால்தான் தூசியைப் பிடிக்கும். காய்ந்த ஸ்பொஞ்ச் தூசியை உள்ளே விட்டுவிடும். அந்தத் தூசி பிஸ்டன் றிங்கையும் சிலிண்டரையும் உரசித் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சவர்க்கார நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் எண்ணெய் தடவிப் பிழிந்து போட வேண்டும். கிறவல் வீதியில் ஒரு முழு நாள் முன்னால் போகும் வண்டியின் தூசியைக் குடித்துவிட்டு வந்தால் மறுநாளே இதைச் செய்வது நல்லது. இதற்கு ஆகும் செலவு ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவு. செய்யாமல் விட்டால் வரும் செலவு ஓர் என்ஜின்.

ஒயில் விடயத்திலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. காருக்கு வாங்கிய ஒயிலில் மிஞ்சியதைப் பைக்குக்கு ஊற்றுகிறார்கள். இந்தப் பைக்குகளில் கிளட்ச் என்ஜின் ஒயிலுக்குள்ளேயே நனைந்து கொண்டிருக்கிறது. கார் ஒயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கப்பட்டிருப்பதால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் குறி நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டுகிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும் போது அந்த ஈரம் ஆவியாகி, பிரேக்கை அமர்த்தினாலும் பிடிக்காத நிலை வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுவது உயிருக்குச் செய்யும் முதலீடு.

இவையெல்லாம் முடிந்த பிறகு மாற்றங்களுக்கு வருவோம். மாற்றமே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. எது பயன் தரும், எது வெறும் தோற்றம் என்று பிரித்துப் பார்க்கவே சொல்கிறேன்.

என்ஜினுக்கு அடியில் போடும் தகடு பயன் தரும். ஒரு கல் மோதி என்ஜினின் அடிப்பகுதி வெடித்தால் ஒயில் முழுவதும் வழிந்து பயணம் அங்கேயே முடிந்துவிடும். கைப்பிடிக் காவலும் பயன் தரும். விழும் போது பிரேக், கிளட்ச் லீவர்கள் உடையாமல் காக்கும். ஆனால் வெறும் பிளாஸ்டிக்கில் வருபவை காற்றைத் தடுக்குமே தவிர அடியைத் தாங்காது. உள்ளே அலுமினியச் சட்டம் உள்ளதை வாங்க வேண்டும்.

ஏற்றத்தில் இழுவை போதாது என்பவர்கள் முன் ஸ்ப்ரொக்கட்டில் ஒரு பல்லைக் குறைக்கலாம். முன்னால் 14, பின்னால் 42 பல் என்று வைத்துக் கொள்வோம். விகிதம் 3. முன்னால் 13 ஆக்கினால் 3.23 ஆகிறது. பின்னால் 45 பல் போட்டாலும் ஏறத்தாழ அதே 3.21தான். அதாவது முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். முன் ஸ்ப்ரொக்கட் மிக மலிவு. ஏற்றத்தில் இழுவை கூடும், நெடுஞ்சாலையில் வேகம் சற்றுக் குறையும். இது காசுக்கேற்ற மாற்றம்.

லைட்டில் கணக்கு வேண்டும். 55 வொட் பல்பு இரண்டு போட்டால் 110 வொட். 12 வோல்ட்டில் அது 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய பைக்கின் மெக்னட் கொயிலுக்கு அது பெரிய சுமை. பெற்றரி இறங்கும், சில வேளை வயர் உருகும். 20 வொட் எல்.ஈ.டி. இரண்டு போட்டால் 40 வொட், மூன்றரை அம்பியருக்குள் அடங்கிவிடும். எதைப் போட்டாலும் தனி ஃபியூஸ் போடுங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் விதமாகத் திருப்பி வைக்காதீர்கள்.

பின்னால் வைக்கும் இரும்புப் பெட்டிதான் அதிகம் விற்பனையாகும் பொருள். அதிகம் கெடுதல் செய்வதும் அதுவே. ஸீட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்ச் சட்டம் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. பாரம் பின் சில்லின் அச்சுக்கும் அப்பால் தொங்கும் போது ஒவ்வொரு குழியிலும் அது நெம்புகோல் போல வேலை செய்து சட்டத்தை வெடிக்க வைக்கிறது. ஏற்றத்தில் முன் சில்லும் இலேசாகிவிடும். இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் கென்வஸ் பைகள் மலிவு, பாதுகாப்பு. பாரமான சாவிகளைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள்.

சைலன்சரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சத்தம் பலம் அல்ல. காபுரேட்டர் உள்ள பைக்கில் சைலன்சரைத் திறந்து விட்டு ஜெட்டை அதற்கேற்ப மாற்றாவிட்டால் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடி என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். பொலிஸார் பிடிப்பார்கள், நோயாளி இருக்கும் வீட்டார் சபிப்பார்கள். மலைக் கிராமங்களுக்குள் அந்தச் சத்தத்தோடு நுழைந்தால் அடுத்த தடவை போகும் நமது பிள்ளைகளை ஊரார் வரவேற்க மாட்டார்கள்.

பயணப் பையில் இருக்க வேண்டியவை வேறு. இந்தப் பைக்குகளில் பலவற்றுக்கு முன் சில்லு 21 அங்குலம், பின் சில்லு 18 அங்குலம். கிராமத்து டயர் கடையில் 21 அங்குல டியூப் கிடைப்பது அரிது. ஆகவே அதைக் கொண்டு போங்கள். அவசரத்துக்கு அதையே பின் டயருக்குள்ளும் மடித்துப் போட்டு மெதுவாக அடுத்த ஊர் வரை போய்ச் சேரலாம். டயர் கழற்றும் லீவர், கைப்பம்ப், ஒரு ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், செயின் இணைப்பு ஆகியவையும் தேவை. ஆற்றைக் கடக்கும் போது என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால் ஸ்டார்ட் பண்ண முயல வேண்டாம். தண்ணீர் அமுங்காது, கொன்றொட்தான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக் அடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனதும் நமக்கு மறந்திருக்காது. அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை வந்த போது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்தக் காலத்தில் என் கடைக்கு வந்தவர்களில் பைக்கை ஒழுங்காகப் பராமரித்தவர்கள் அந்த 4 லீற்றரில் கூடிய தூரம் ஓடினார்கள். அலங்காரத்துக்குச் செலவழித்தவர்கள் ஒரு செயின் செட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை.

நமது வர்த்தகர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. அறுகம்பையிலும் எல்லவிலும் உல்லாசப் பயணிகள் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் தேடுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள ஐந்து ட்ரெயில் பைக், ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினோம், எத்தனை கிலோமீற்றரில் மாற்றினோம் என்று எழுதிய ஒரு கொப்பி, வாடகைக்கு விடுவதை மறைக்காமல் எடுத்த காப்புறுதி இவை இருந்தால் அது ஒரு கௌரவமான தொழில். அதே போல, பயணத்துக்கு முன் பைக்கைப் பரிசோதித்துக் கொடுப்பதை ஒரு சேவையாகக் கூலி வாங்கியே செய்யலாம். எனது கடையில் செய்கிறோம். முதல் சில மாதங்கள் லைட்டும் பெட்டியும் குறைவாகவே விற்றன, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பெயாரிங், செயின், பிரேக் பாகங்கள் கூடுதலாக விற்றன. பரிசோதித்துக் கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள், நண்பர்களையும் கூட்டி வந்தார்கள்.

அந்தப் பையனும் ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தான். தோள் சுகமாகியிருந்தது. இம்முறை பட்டியல் எதுவும் கொண்டு வரவில்லை. “மாமா, முதல்ல சில்லப் பாருங்க” என்றான். பார்த்தேன். முன் சில்லின் பெயாரிங்கையும் மாற்றச் சொன்னேன், மாற்றினான். அவனுடைய வாப்பா மட்டும் இன்னும் என் கடைப்படி ஏறவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு முகமில்லை.

சாமான் வாங்க வருபவனுக்குத் தெரியாதது விற்பவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்லாமல் விற்பது பொய் சொல்லி விற்பதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நமது தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பயணம் அனுப்பும் பெற்றோரும் “எங்கே போகிறாய்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “சில்லைப் பார்த்தாயா?” என்றும் ஒரு தடவை கேட்டு வையுங்கள்.