கிணறு நிஜமாவே பேசுது

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் என் டீமில் இருந்த ஒரு தம்பி, தயங்கித் தயங்கி ஒரு சிறுகதை அனுப்பினான். தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவர், ஒரு வீட்டின் பின்கட்டில் பாழடைந்த கிணறு ஒன்றைப் பார்க்கிறார். அந்தக் கிணறு அவரிடம் பேசுகிறது. கதை அவ்வளவுதான்.

நான் அப்போது சினிமா விமர்சனங்கள் எழுதிக்கொண்டிருந்த மிதப்பில் இருந்தேன். ஃபைலைத் திறந்து ஓரத்தில் பதினெட்டு கமென்ட் போட்டேன். 'கிணற்றில் தண்ணீரே இல்லை, குரல் எங்கிருந்து வருகிறது?' 'டிரைவர் ஏன் கிளீனரிடம் சொல்லவில்லை?' 'நீ எழுதியிருக்கும் நேரத்துக்குள் லாரி நிரம்பாது.' மறுநாள் டீக்கடையில், மனசு கேட்காமல், கொஞ்சம் பெருந்தன்மையும் காட்டினேன். "கிணறுங்கிறது இங்க நிலத்தடி நீர் அரசியலுக்கு ஒரு உருவகம், அதானே? அதக் கொஞ்சம் தூக்கலா காட்டுடா, கதை நின்னுடும்."

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இல்லண்ணா. கிணறு நிஜமாவே பேசுது."

நான் சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவன் எனக்குக் கதை எதுவும் அனுப்பவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிராக எழுதப்படுகிறது. அது என்னுடைய தனிச்சொத்து இல்லை. தமிழில் ஃபேண்டஸி, அறிவியல் புனைவு, திகில் எது வந்தாலும் நாம் அதை இரண்டே வழிகளில்தான் அணுகுகிறோம். ஒன்று, லாஜிக் ஓட்டை தேடுவது. இன்னொன்று, 'இது பேய்ப்படமே இல்லை, உண்மையில் இது வேறொன்றைப் பற்றியது' என்று காப்பாற்றிவிடுவது. முதலாவது போலீஸ் வேலை, இரண்டாவது வக்கீல் வேலை. அந்தத் தம்பிக்கு நான் ஒரே நாளில் இரண்டையும் பார்த்தேன். வாசகன் வேலையை மட்டும் பார்க்கவில்லை.

முதலில் போலீஸ். என்னைப் போல எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு இது தொழில் வியாதி. காலையிலிருந்து மாலைவரை பக் ரிப்போர்ட் எழுதுகிறோம், ராத்திரி படம் பார்த்தாலும் அதே கைதான் எழுதுகிறது. 2015இல் ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' வந்தபோது ஒரு நோட்டில் காலக்கோடு வரைந்து, அம்புக்குறி போட்டு, ஓட்டைகளுக்கு நம்பர் கொடுத்து நண்பர்கள் குழுவில் பெருமையாகப் போட்டவன் நான். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 2065இலிருந்து ஒரு கால இயந்திரம் இரண்டு பையன்களின் கையில் வந்து விழுகிறது. அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஜோசியக் கடை போடுகிறார்கள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். இதைவிட நம்மூருக்குப் பொருத்தமான கால இயந்திரக் கற்பனை உண்டா? அதற்கப்புறம், சாக வேண்டிய ஒரு ரவுடி அவர்களால் பிழைத்துவிடுகிறான், கணக்கு தீர்க்கும் படலம் தொடங்குகிறது. நான் அம்புக்குறி வரைந்துகொண்டிருந்ததில் இதெல்லாம் கண்ணில் படவில்லை.

'அப்போ லாஜிக்கே கேட்கக் கூடாதா?' கேளுங்கள். ஆனால் எந்த லாஜிக் என்று பிரித்துக் கேளுங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஏழாவது சீசன் 2017இல் வந்தபோது உலகம் முழுக்க ஒரே புகார். சுவருக்கு அந்தப் பக்கம் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் ஓடிப்போய்ச் செய்தி சொல்கிறான், ஒரு காகம் தெற்கே பறக்கிறது, டிராகன் வடக்கே பறந்து வருகிறது. எல்லாம் ஒரே எபிசோடில் முடிந்துவிடுகிறது. டிராகன் எப்படிப் பறக்கும், அந்த எடைக்கு இறக்கை போதுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காகம் எப்படி இவ்வளவு சீக்கிரம் போனது என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஏனென்றால் முதல் சீசனில் அந்தக் கதையே நமக்குச் சொல்லியிருந்தது: இந்த உலகத்தில் தூரம் என்றால் தூரம்தான், பயணத்துக்கு வாரக்கணக்கு ஆகும், அதற்குள் வீட்டில் ஒரு குடும்பம் அழிந்துபோகலாம். கதை தன் வாயால் கொடுத்த வாக்கை உடைத்தது. இயற்பியலை மீறுவது குற்றமில்லை, வாக்கை மீறுவதுதான் குற்றம். நம்மூர் ஓட்டை வேட்டையர்கள் பெரும்பாலும் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது வக்கீல். இவர் போலீஸைவிட ஆபத்தானவர், ஏனென்றால் அன்பாகப் பேசுவார். 2018இல் வந்த 'தும்பாட்' இந்திப் படத்தைப் பற்றி நான் படித்த, கேட்ட பாராட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: இது பேராசையைப் பற்றிய உருவகம். சரி, 'பேராசை பெருநஷ்டம்' என்று சொல்ல மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் போதுமே. அதற்கு எதற்கு அந்த மழை, அந்த இருட்டு, அந்தக் கிணற்றுக்குள் இறங்கும் கயிறு?

படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஹஸ்தர் என்ற தெய்வக் குழந்தைக்குப் பொன் கிடைத்தது, தானியம் கிடைக்கவில்லை. அதனால் அவனுக்குத் தீராத பசி. மாவில் ஒரு பொம்மை செய்து கீழே கொண்டுபோனால் அதைத் தின்ன வருவான். அவன் தின்பதற்குள் அவன் கோவணத்திலிருந்து சில காசுகளை உருவிக்கொண்டு ஏறிவிட வேண்டும். மாவால் போட்ட வட்டத்துக்குள் அவன் வரமாட்டான். விநாயக் பல வருடம் இப்படித்தான் சம்பாதிக்கிறான். ஒருநாள் அவன் மகன், சின்னப் பையன், ஒரு யோசனை சொல்கிறான்: காசு காசாக எடுப்பானேன், நிறைய பொம்மைகளைக் கொண்டுபோய் அவனைத் தின்ன விட்டுவிட்டு மொத்தக் கோவணத்தையும் உருவிவிடலாமே. போகிறார்கள். ஒரு பொம்மைக்கு ஒரு ஹஸ்தர் வருகிறான்.

முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தில் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஒரு பொம்மைக்கு டெஸ்ட் பண்ணியாச்சு, பத்து பொம்மைக்கு யாரும் பண்ணவில்லை. புரொடக்‌ஷனில் ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்து எழுப்பப்பட்ட எவனுக்கும் அந்தப் பயம் தெரியும். அதற்குமேல் அதில் ஒரு கொடுமை இருக்கிறது. அப்பாவிடமிருந்து தொழில் கற்ற மகன், அப்பாவைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அப்பனைக் கொல்கிறது. பேராசை பற்றிய சிந்தனை அந்த விதிக்கு உள்ளேதான் இருக்கிறது. விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு 'பேராசை' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவது, இளநீரைக் கீழே ஊற்றிவிட்டு மட்டையைச் சுமந்துகொண்டு போவது மாதிரி.

விநோதப் புனைவு பற்றி 1970இல் ஒரு புத்தகம் எழுதிய த்ஸ்வெதான் தொதரோவ் இதை எப்போதோ சொல்லிவிட்டார். நடந்தது நிஜமா, பிரமையா என்ற தயக்கத்தில்தான் அந்த வகை எழுத்து உயிரோடு இருக்கிறது. உருவகமாக வாசிக்கத் தொடங்கியதும் அந்தத் தயக்கம் செத்துவிடுகிறது. அவரோடு எனக்குச் சண்டைகள் உண்டு. இந்த இடத்தில் இல்லை.

அறிவியல் புனைவுக்கும் இதே கதிதான். டெட் சியாங் 1998இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' கதையிலிருந்து 2016இல் 'அரைவல்' படம் வந்தது. உடனே 'இது ஏலியன் கதையே இல்லை, ஒரு தாயின் துக்கம்' என்றோம். இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறோம். மூலக்கதையைப் படியுங்கள். அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது ஃபெர்மாவின் தத்துவம், நாம் பள்ளி, கல்லூரி இயற்பியலில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. ஒளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது மிகக் குறைந்த நேரமாகும் பாதையில் போகிறது. அப்படியானால் கிளம்பும்போதே போய்ச் சேரும் இடம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் போலத் தோன்றுகிறது இல்லையா? அந்த வேற்றுக்கிரகவாசிகளின் மொழி அப்படித்தான் இயங்குகிறது. அதைக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குத் தன் மகளின் முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் பெற்றுக்கொள்கிறாள். ஒளிவிலகல் இல்லாமல் அந்தத் துக்கம் இல்லை. பரீட்சைக்கு எழுதிய ஒரு சமன்பாடு பதினைந்து வருடம் கழித்து என்னை அழவைத்தது. அறிவியல் புனைவால் மட்டும் முடிந்த காரியம் இது. 'உண்மையில் இது தாய்மை பற்றியது' என்பவர் அந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டு மீதியைப் பாராட்டுகிறார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். 'அரசியலே பேசக் கூடாது என்கிறாயா? பேய்க்கு ஜாதி இல்லையா?' இருக்கிறது. 2024இல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்' பாருங்கள். தப்பி ஓடிவரும் பாணன் தேவன், காட்டுக்குள் இருக்கும் ஒரு மனைக்கு வருகிறான். கொடுமண் போற்றி அவனை விரட்டவில்லை, உள்ளே அழைக்கிறார். அந்த விருந்தோம்பல்தான் முதல் பயம். பிறகு பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயமாகத் தேவனின் காலத்தைக் கேட்கிறார். அவன் தோற்கிறான், வெளியே போக முடியவில்லை. வீடும் அவருடையது, பகடையும் அவருடையது, கடிகாரமும் அவருடையது. 'இது அதிகாரத்தின் உருவகம்' என்று எழுதிவிட்டுப் போனால், அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று படம் கண்டுபிடித்த விஷயத்தைத் தொலைத்துவிடுகிறோம். பகடை வழியாகப் போனால்தான் அரசியல் வருகிறது. பகடையைத் தாண்டிக் குதித்தால் கையில் ஒரு கோஷம் மட்டும் மிஞ்சும்.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்றும் சொல்ல முடியாது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' நம்மிடம் இருக்கிறது. வீட்டில் வீசும் ஒரு வாசனை, வேலைக்கு வந்து தங்கும் ஒரு பெண், தூக்கம் வராத ஒரு எழுத்தாளன். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் மனப்பிரமை, ஆண் மனதின் அச்சம், தொன்மம் என்று ஓடுகிறோம். எல்லாம் இருக்கட்டும். ராத்திரி தனியாகப் படித்தபோது எழுந்து லைட்டைப் போட்டாயா, இல்லையா? அதைச் சொல்ல ஏன் கூச்சம்? பயந்தேன் என்று எழுதினால் இலக்கிய கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். திகில் கதையில் பயம்தான் முதல் சாட்சியம். சாட்சியத்தை மறைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம்.

இந்தக் கூச்சம் படைப்பாளிகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேய் சும்மா பேயாக வந்தால் மதிப்பில்லை, எனவே நம் பேய்களுக்கு எல்லாம் இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஃப்ளாஷ்பேக். 'காஞ்சனா' வகைப் படங்களில் பேய் என்பது கையில் மனு வைத்திருக்கும் ஒரு பாதிக்கப்பட்டவர். அந்தக் கதை நியாயமானதாக இருக்கலாம், கண்ணீரும் வரலாம். ஆனால் மனு படித்து முடிந்த நிமிடம் பயம் எழுந்து தியேட்டரைவிட்டுப் போய்விடுகிறது. இந்தக் குறையைச் சொல்ல வேண்டியது விமர்சகன் வேலை. ஃபேமிலி சிரித்ததா, மெசேஜ் இருந்ததா என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வகையில் ஒரு படமோ நாவலோ வந்தால், முதலில் அது சொல்வதைச் சொன்னபடியே நம்புங்கள். அந்த உலகத்தின் விதி என்ன, அந்த விதி யாரிடம் என்ன விலை கேட்கிறது, கடைசிவரை அது தன் வாக்கைக் காப்பாற்றியதா, உங்கள் உடம்புக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். அதற்கப்புறம் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். அரசியலும் பேசுங்கள். நம்ப மறுத்தவருக்குத் திட்டும் உரிமை கிடையாது.

போன மாதம் அந்தத் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் இருக்கிறான். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: 'டேய், அந்தக் கதைல கிணறு என்னடா பேசுச்சு?' பதினெட்டு கமென்ட்டில் ஒன்றில்கூட நான் அதைக் கேட்டிருக்கவில்லை. அது பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு நினைவும் இல்லை.

ராத்திரி பதில் வந்தது. 'அந்த லேப்டாப்பே போயிடுச்சுண்ணா. எனக்கும் சரியா ஞாபகமில்ல.' கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: 'ஆனா ஏதோ முக்கியமா சொல்லுச்சு.'