பகல் இரண்டு மணிப் பூங்கா



தில்லி துவாரகாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்றாம் மாடி வீடு, இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் வீட்டிலேயே படிப்பு. “வெளியே கூட்டிப்போனால் இருமல், போகாவிட்டால் அடிதடி. நான் என்னதான் செய்ய?” என்று கேட்கிறார்.

படிப்பைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பதினான்கு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைக்குக் கேட்காமலே கிடைக்கிற மைதானத்துக்கும் நாலு கூட்டாளிக்கும்தான் வீட்டில் திண்டாட்டம். வெளியில் திரிவது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. தில்லிப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகளைச் சோதித்து எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வெளியே அதிகம் விளையாடியவர்களிடம் அது குறைவாகவே இருந்தது.

சரி, எப்போது வெளியே போவது? காலாற நடக்க விடியற்காலைதான் நல்லது என்று ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தில்லியின் நவம்பரில் அந்தக் கணக்கு தலைகீழ். இரவில் தரை குளிர்ந்து, குளிர்காற்று தாழ்வாகப் படிந்துவிடுகிறது. புகையும் தூசியும் மேலே போக வழியின்றி அதற்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது கலையும். காலை ஏழு மணிக்கு வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளை அந்த நாளின் மோசமான காற்றைத்தான் குடிக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தலைவிதி இல்லை. கணக்கைக் காலையில் முடித்துவிட்டு, ஒரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் வெளியே விடலாம். வீட்டுக்கல்வியின் ஆகப்பெரிய வசதியே இதுதான் என்பேன். பலர் அதையும் விட்டுவிட்டுப் பள்ளி நேரத்தையே வீட்டில் நடத்துகிறார்கள்.

காற்றின் தரம் காட்டும் ‘சமீர்’ செயலி பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பெரிதாகத் தெரியும் எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரியை வைத்துப் போடுவது. இப்போது வெளியே போகலாமா என்பதற்குப் பக்கத்து நிலையத்தின் மணிவாரி பி.எம். 2.5 நுண்துகள் அளவைப் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிய நாளில் எந்த நேரமும் நல்ல நேரமல்ல. அன்றைக்குக் கேரம் பலகைதான்.

மே, ஜூனில் இதெல்லாம் மாறிவிடும்; ஐந்தரை மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். ஆண்டிலேயே தில்லிக் காற்று சுத்தமாக இருப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை. சளி பிடிக்கும் என்று நம்மவர்கள் கதவைச் சாத்துவதும் அப்போதுதான்!

சரி, எங்கே போகலாம்? வார நாளின் பகலில் சுந்தர் நர்சரிப் பூங்காவில் கூட்டமில்லை. குளிர்காலத்தில் வஜீராபாத் பக்கத்து யமுனா பல்லுயிர்ப் பூங்காவுக்கு வெளிநாட்டு வாத்துகள் வரும். லோதி தோட்டத்து அத்தி, ஆல மரங்களில் பழம் இருக்கிற நாளில் அண்ணாந்து பார்த்தால் சாம்பல் இருவாச்சி கண்ணில் படலாம். பழத்தை அலகு நுனியில் பிடித்து, மேலே தூக்கிப் போட்டு, தொண்டைக்குள் வாங்கிக்கொள்ளும். ரிட்ஜ் காட்டுக்குப் போனால் நம் ஊர் சீமைக்கருவேலம் இங்கே ‘விலாயதி கீகர்’ என்ற பெயரில் வளைத்துக்கொண்ட இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மரங்களை அடையாளம் காணப் பிரதீப் கிருஷண் 2006-இல் எழுதிய ‘ட்ரீஸ் ஆஃப் டெல்லி’ கையில் இருக்கட்டும்.

கூட்டாளிக்கு எங்கே போவது? பகல் இரண்டு மணிப் பூங்காவில் தாத்தாக்கள்தான் இருப்பார்கள் என்று அந்த வாசகி எழுதியிருக்கிறார். முழுக்க அப்படியில்லை. தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்பிள்ளைகளும் மதியத்துக்கு மேல் பையன்களும் படிக்கிறார்கள். மதியம் அந்தப் பெண்பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் மகளும் அவர்களில் ஒருத்தியாக இருக்கக்கூடும். கூப்பிட்டால் வருவாள்; கூப்பிடத்தான் நமக்கு மனம் வர வேண்டும்.

அடுத்த தடை, பூங்கா வாசலில் தொங்கும் ‘பந்து விளையாடக் கூடாது’ பலகை. உங்கள் காலனியில் அந்தப் பலகை இல்லாத பூங்கா இருந்தால், எந்த செக்டர், எந்த பிளாக், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதி அனுப்புங்கள். வரும் இதழில் பட்டியலாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்