வைட்டிலா நெரிசலில் இருந்து வாட்டர் மெட்ரோ வரை: எந்த எரிச்சல் கண்டுபிடிப்பாக மாறுது?

கொச்சியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு வைட்டிலாவை இரண்டு காரணங்களுக்காகத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி கோவைக்கோ சென்னைக்கோ பஸ் பிடிக்கிற இடம் அது. திங்கட்கிழமை காலையில் காக்கநாட்டு ஆபீசுக்கு லேட்டாக்கி விடுகிற இடமும் அதுதான். தேசிய நெடுஞ்சாலை 66-இன் பைபாஸ், எர்ணாகுளம் நகருக்குள் போகும் சகோதரன் அய்யப்பன் சாலை, திருப்பூணித்துறைப் பக்கம் போகும் சாலை எல்லாம் ஒரே சந்திப்பில் வந்து முட்டுகின்றன.

அந்தச் சந்திப்புக்குப் பக்கத்தில், வைட்டிலா மொபிலிட்டி ஹப்பை ஒட்டித்தான் கொச்சி வாட்டர் மெட்ரோவின் முனையம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தச் சேவையின் முதல் இரண்டு தடங்களில் ஒன்று வைட்டிலா - காக்கநாடு.

‘உங்களை எரிச்சல்படுத்துவது எதுவோ, அதில்தான் அடுத்த கண்டுபிடிப்பு இருக்கு’ என்று ஸ்டார்ட்அப் மேடைகளில் சொல்வார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வைட்டிலா சிக்னலில் தினமும் நிற்கிற எல்லோருக்கும்தான் எரிச்சல் வருது. அவர்களில் யாரும் படகு கட்டவில்லையே? அப்படின்னா, எரிச்சலுக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவில் வேறென்ன தேவைப்படுது?

மேம்பாலம் வந்தும் ஏன் தீரலை?

முதலில் வந்த தீர்வு, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். வைட்டிலா மேம்பாலம் 2021 ஜனவரி 9 அன்று திறக்கப்பட்டது. திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒரு ராத்திரி தடுப்புகளை யாரோ விலக்கிவிட, வண்டிகள் பாலத்தில் ஏறிவிட்டன. மறுமுனை மூடியிருந்ததால் நடுவில் மாட்டிக்கொண்டன. நெரிசலைத் தீர்க்க வந்த பாலம், திறக்கும் முன்பே ஒரு நெரிசலைப் பார்த்துவிட்டது.

பாலம் யாருக்கு உதவியது என்று பாருங்கள். பைபாஸில் நேராகப் போகிறவர்களுக்கு. நகரத்திலிருந்து திருப்பூணித்துறை பக்கம் குறுக்கே கடக்கிறவர்களும், திரும்பிப் போகிறவர்களும் கீழேயேதான் நிற்கிறார்கள். காத்திருப்பு ஒரு கூட்டத்துக்குக் குறைந்தது, இன்னொரு கூட்டத்துக்கு அப்படியே இருந்தது.

படகு வேகமா? இல்லை

மின்சாரத்தில் ஓடும்போது இந்தப் படகின் வேகம் மணிக்கு 8 நாட்டிகல் மைல். அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். காலியான ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் இதைச் சாதாரணமாக முந்திவிடும். வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும்.

ஆனால் அந்த 25 நிமிடம் நாளைக்கும் 25 நிமிடம்தான். டேட்டாவோடு பழகியவர்களுக்கு இது உடனே புரியும்: சராசரியை விட ஏற்ற இறக்கம்தான் மனுஷனைப் படுத்துது. ரோட்டில் ஒரு நாள் 25 நிமிடம், மறுநாள் 60 நிமிடம் ஆகும் என்றால், நீங்கள் தினமும் 60 நிமிடத்தைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும். தாமதத்தை விடவும், எவ்வளவு தாமதமாகும் என்று தெரியாததுதான் பெரிய எரிச்சல். சிக்னல் இல்லாத தண்ணீர்த் தடம் தீர்த்தது அதைத்தான்.

கொச்சியில் படகு ஒன்றும் புதுசில்லை. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் காலம் காலமாக ஓடுகின்றன. புதுசு என்னவென்றால், பழைய படகில் எரிச்சலாக இருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துச் சரிசெய்திருப்பது. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜெட்டிக்கும் படகுக்கும் இடையே உயரம் மாறும். குதித்து ஏறணும், இல்லைன்னா யாராவது கை கொடுக்கணும். வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் மேடையும் படகும் சேர்ந்தே ஏறும். வீல்சேர் நேராக உள்ளே போகலாம்.

பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் டைட்டனேட் வகை, விலை அதிகம், எடைக்கு ஏற்ற சேமிப்பும் குறைவு. ஆனால் 10 முதல் 15 நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும். ஆட்கள் இறங்கி ஏறுகிற நேரத்திலேயே வேலை முடிகிறது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய இந்த இரட்டை உடல் படகுகள் அலையைக் குறைவாகவே கிளப்பும் என்பது கரையோர மீனவர்களுக்கு முக்கியம்.

என்னைப் பொறுத்தவரை இதில் பெரிய விஷயம், வெளியே யாரும் பேசாத பயணிகள் எண்ணிக்கைக் கருவி. படகில் 100 பேர்தான். அதற்கு மேல் வாயில் விடாது. கேரளத்தில் இது சின்ன விஷயமில்லை. 2002 குமரகம் படகு விபத்தில் 29 பேர் இறந்தார்கள். வாட்டர் மெட்ரோ தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத 2023 மே 7 அன்று, தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

யாருடைய எரிச்சல்?

வைட்டிலாவில் பஸ் ஏறுகிற பலர் டிக்கெட் எடுக்கிற ரெட்பஸ்ஸின் கதை தெரிந்ததுதான். 2005 தீபாவளிக்கு பெங்களூருவிலிருந்து ஊருக்குப் போக பனீந்திர சாமாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஏஜென்ட் ஏஜென்டாக அலைந்தபோது, எந்த பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்பது ஏஜென்ட்டுகளுக்கே முழுசாகத் தெரியாது என்று கண்டுகொண்டார். அடுத்த ஆண்டே நண்பர்களோடு நிறுவனம் தொடங்கினார். அவர் பிட்ஸ் பிலானியில் படித்த பொறியாளர். எரிச்சல்பட்டவர் கையிலேயே கருவியும் இருந்தது. சீட் தேடுகிற அலைச்சல் போச்சு. பண்டிகைக்கு முந்தின நாள் கட்டணம் எகிறுவது போகவில்லை. அது சாஃப்ட்வேர் பிரச்சினை இல்லை.

கோவை அருணாச்சலம் முருகானந்தம் கதை வேறு மாதிரி. 1998-ல் மனைவி துணியைப் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகுதான் மலிவான நாப்கின் இயந்திரத்தை நோக்கி நகர்ந்தார். அந்தக் கஷ்டம் அவருடையது இல்லை. அதைச் சுமந்த கோடிக்கணக்கான பெண்களிடம் இயந்திரம் செய்ய வசதியோ, பேசவே இடமோ இல்லை. முருகானந்தமும் ஊராரின் கேலி, குடும்பப் பிரிவு எல்லாம் தாண்டித்தான் 2006-ல் ஐஐடி மெட்ராஸ் விருது வரைக்கும் வந்தார்.

கருவி கையில் இருந்தாலும் வாங்க ஆள் வேணும். மழையில் வைட்டிலாவைக் கடக்க உதவுகிற கார் வைப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன், பனியில் டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டு அதை வடிவமைத்தார். 1903-ல் காப்புரிமை கிடைத்தது. வியாபார மதிப்பில்லை என்று நிறுவனம் ஒதுக்கிவிட்டது. அதிலிருந்து அவருக்குப் பணம் வரவே இல்லை.

வைப்பின் தீவில் நடந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. ஆனால் அதன் பிறகும் பல ஆண்டுகள் வைப்பின் தனியார் பஸ்கள் ஹைகோர்ட் சந்திப்போடு நின்றன. நகருக்குள் போக பெர்மிட் இல்லை. இறங்கு, இன்னொரு பஸ் பிடி, இன்னொரு டிக்கெட் எடு. அங்கே எந்தக் கண்டுபிடிப்பும் தேவைப்படவில்லை. ஒரு உத்தரவு போதும். அதற்குத்தான் அத்தனை வருஷம்.

படகு இறங்கியதும்?

வாட்டர் மெட்ரோ 10 தீவுகளை இணைத்து, 38 முனையங்களோடு, ரூ.1,137 கோடி மதிப்பில் திட்டமிடப்பட்டது. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடன் கொடுத்தது. அதாவது வைட்டிலாவின் எரிச்சலுக்கு ஒரு அரசும் ஒரு கப்பல் கட்டும் தளமும் ஒரு வெளிநாட்டு வங்கியும் தேவைப்பட்டன. மசாலா வியாபாரத்துக்குப் பேர்போன மட்டாஞ்சேரிக்கு முனையம் 2025 அக்டோபரில்தான் வந்தது, ஐடி வேலைக்காரர்களின் காக்கநாட்டுக்கு வந்து இரண்டரை வருஷம் கழித்து.

மொத்தப் பயணங்கள் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டன என்ற செய்தியை 2025-ல் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணில் ஃபோர்ட் கொச்சிக்கு செல்ஃபி எடுக்கப் போனவரும் காக்கநாட்டுக்கு லாப்டாப்போடு போனவரும் ஒன்றுதான். திட்டம் வேலை செய்யுதா என்று பார்க்க, காலை 8 முதல் 10 வரை வைட்டிலா - காக்கநாடு படகில் எத்தனை பேர் என்ற கணக்குதான் வேணும்.

அந்தக் கணக்கைத் தீர்மானிப்பது படகு இல்லை. காக்கநாடு முனையம் ஒரு இடம், இன்ஃபோபார்க் இன்னொரு இடம். நடுவில் ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டியிருந்தால், தண்ணீரில் மிச்சம் பிடித்த நிம்மதி அங்கேயே போயிடும். 2025 ஜனவரியில்தான் கொச்சி மெட்ரோ நிறுவனம் இணைப்பு மின்சார பஸ்களை இறக்கியது. படகு வந்து நிற்கும்போது பஸ் கிளம்பிவிட்டதா, காத்திருக்குதா என்பதில்தான் இப்போது விஷயம். இதற்கிடையே ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்திலிருந்து இன்ஃபோபார்க் வரை 11.2 கிலோமீட்டர் மெட்ரோ தடத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன, காக்கநாட்டுக்கு எல்லோரும் போகிற அதே ரோட்டின் நடுவில்.