பழைய வால்வு ஆம்ப்: வாங்கலாமா?

வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றாலே 'அந்தக் காலத்து சவுண்டே தனி' என்று உருகும் கூட்டம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், வாங்கலாம். ஆனால் வால்வைப் பார்த்து மயங்காமல் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவின் டைனகோ ஸ்டீரியோ 70-ஐயே எடுத்துக்கொள்வோம். 1959-ல் வந்தது. நான்கு இஎல்34 வால்வுகள், சேனலுக்கு 35 வாட். கிட்டாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் (அதனால் சில பீஸ்களில் சால்டரிங் சகிக்காது!). வால்வு போனால் கவலையில்லை. இஎல்34 இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் தயாராகிறது. இத்தனை வருடத்தில் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம். வால்வின் உயர் வோல்டேஜை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி இறக்கித் தருவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். சவுண்டின் பெரும்பகுதி அதன் கையில். அது எரிந்திருந்தால் செலவு எகிறிவிடும்.

இன்னொன்று. அது 120 வோல்ட் சரக்கு, நம்மூர் 230-ல் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும்; ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சால்டரிங் தெரியாது, தெரிந்த நண்பரும் இல்லை என்றால், அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள் மக்களே :)